நின்றால் ஏறும் சூடு

கேள்வி: பழைய மாருதி 800, பட்டான்செரு நெரிசலில் நின்றால் சூட்டு முள் ஏறுகிறது, ஓடினால் இறங்கிவிடுகிறது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?
– வாசகர், ராமச்சந்திராபுரம், ஹைதராபாத்

பதில்: கழற்ற வேண்டாம். நிற்கும்போது மட்டும் ஏறும் சூட்டுக்குப் பெரும்பாலும் காரணம் ரேடியேட்டரின் மின்விசிறி. ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விப்பதால் விசிறி படுத்துக் கிடப்பது வெளியே தெரிவதில்லை. எஞ்சின் 80 முதல் 95 டிகிரி செல்சியஸ் வரை சூட்டில் இயங்குவதே இயல்பு. அதை நெருங்கும்வரை நீரை ரேடியேட்டருக்குள் விடாமல் தடுக்கும் வால்வே தெர்மோஸ்டாட் என்பதால், அதை எடுத்துவிட்டால் எஞ்சின் நெடுஞ்சாலையில் போதிய சூடேறாமல் ஓடி பெட்ரோலைக் குடிக்குமே தவிர, நெரிசல் சூடு தீராது. (செலவில்லாத வைத்தியம் என்பதால் பட்டறைகளில் இதற்கு மவுசு அதிகம்.) கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 540 மீட்டர் உயரத்திலுள்ள ஹைதராபாத்தில் வெறும் நீர் 98 டிகிரியிலேயே கொதித்துவிடும், உள்ளே அழுத்தத்தைப் பிடித்துவைத்து அந்தக் கொதிநிலையை 115 டிகிரிக்கு மேல் உயர்த்துவது ரேடியேட்டர் மூடியே ஆகையால், அதன் ரப்பர் வாஷர் வெடித்திருந்தால் மூடியையே மாற்றிவிடுவது நல்லது. முள் பாதியைத் தாண்டியும் விசிறி சுழலவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, வெப்பச் சுவிட்ச் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லவும். எஞ்சின் ஆறும்வரை மூடியைத் திறக்க வேண்டாம்.