தேத்தண்ணி பாதி வழியில் தொலைகிறதா?

தங்கச்சி, நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கட்டுகஸ்தோட்டைக் கடையில் தேத்தண்ணியை இழுத்து ஆற்றுவதை ப்ளெண்டர் மென்பொருளில் அசைபடமாகச் செய்திருக்கிறாய். நல்ல ஆசை. ஆனால் தாரை பாதி வழியில் குண்டு குண்டாக உடைகிறது, கீழ்க் கோப்பை நிரம்பவில்லை. இதை ரெண்டரில் சரிசெய்ய முடியாது. தண்ணீர் முடிந்து காற்று தொடங்கும் எல்லையைத்தான் கணினி தவறவிட்டிருக்கிறது.

முதலில் கணக்குப் பார். நீர் ஓடும் எல்லையான டொமைன் பெட்டியின் நீளப் பக்கம் 40 சென்டிமீட்டர். அந்தப் பக்கத்தை எத்தனை கட்டமாகப் பிரிப்பது என்று சொல்லும் ரெசல்யூஷனை 32இலேயே விட்டிருக்கிறாய். அப்படியானால் ஒரு கட்டம் 12.5 மில்லிமீட்டர், தாரையோ 5 மில்லிமீட்டர். கட்டத்தைவிட மெல்லியதைத் தாரையாகப் பிடிக்க வழியில்லை. 160 ஆக்கு, கட்டம் 2.5 மில்லிமீட்டராகும், தாரையின் குறுக்கே இரண்டு கட்டம் கிடைக்கும். அதற்குக் கீழே இறங்காதே. ஆனால் கட்டங்கள் 125 மடங்காவதால் லப்டொப் திணறும். அதனால் பெட்டியின் பக்கவாட்டில் வீணாகக் கிடக்கும் காற்றை வெட்டிவிடு. கோப்பைச் சுவருக்கும் இதே கணக்குத்தான், கட்டத்தைவிட மெல்லியதானால் ஒழுகும்.

எல்லையையே ஒரு வலையாக்கி இழுத்துக்கொண்டு போகலாமே என்று கேட்டிருந்தாய். கண்டிப் பெரஹெரா முடிந்து கெட்டம்பேயில் மகாவலி நீரை வாளால் வெட்டுவதை நினைத்துப் பார். நீர் பிளக்கிறது, வாள் விலகியதும் கூடிவிடுகிறது. வலையானால் ஒவ்வொரு பிளவிலும் அறுத்துத் தைக்க வேண்டும். 1988இல் ஒஷர், செத்தியன் என்ற இரு கணிதவியலாளர்கள் வேறு வழி சொன்னார்கள்: ஒவ்வொரு கட்டத்திலும் எல்லைவரை உள்ள தூரத்தை எழுதி வை, உள்ளே கழித்தல், வெளியே கூட்டல், பூச்சியம் வரும் இடமே நீரின் தோல். பிரிவதும் சேர்வதும் தானாக நடக்கும். கேடு ஒன்றுதான், மெல்லிய பகுதிகள் கரைந்து நீர் குறைந்துகொண்டே போகும். 2002இல் என்ரைட், மார்ஷ்னர், ஃபெட்கிவ் என்ற ஆய்வாளர்கள் மூவரும் எல்லையின் இருபுறமும் துகள்களைத் தூவி அந்த இழப்பைத் திருத்தினார்கள். அவர்கள் செய்து காட்டியதும் கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றும் காட்சிதான்!

ப்ளெண்டரில் நீரைச் சுமப்பவை துகள்கள். தோல் பிறகு அவற்றின் மேல் போர்த்தப்படுகிறது. அதனால் 'பார்ட்டிக்கிள் ரேடியஸ்' இரண்டு இடத்தில் இருக்கும். லிக்விட் பகுதியில் இருப்பது நீரையே மாற்றும். நீரின் அளவு குறைந்தால் அதைக் கூட்டு. மெஷ் பகுதியில் இருப்பது தோலை மட்டும் தடிப்பாக்கும். இரண்டாவதைக் கூட்டிவிட்டு நீர் திரும்பி வந்துவிட்டதென்று நம்பி நான் ஒரு கிழமையை வீணாக்கினேன். வழுவழுப்பாக்கும் அளவையும் அடக்கமாக வை, கூடினால் மெல்லிய இழைகள் தேய்ந்துபோகும்.

கண்ணை நம்பாதே. ஊற்றி முடிந்த ஃப்ரேமிலும் கடைசி ஃப்ரேமிலும் மெஷ்ஷின் கன அளவை 3டி பிரின்ட் டூல்பாக்ஸில் எடுத்து ஒப்பிட்டுப் பார்.

அசல் தாரை எவ்வளவு தடிப்பு என்று தெரிய, இந்தச் சனிக்கிழமை கடைக்குப் போய், பின்னால் ஓர் அடிமட்டத்தைப் பிடிக்கச் சொல்லி, போனில் ஸ்லோமோஷனில் எடு. தாரையின் தடிப்பை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் அளந்து எனக்கு அனுப்பு. அதுவரை கணிப்பைத் தொடங்கும் 'பேக்' (Bake) பட்டனைத் தொடாதே.