நூற்று இருபது இருக்கைகள்

விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகக் கட்டடத்திற்குப் புத்தகம் இரவல் வாங்க நீங்கள் பலமுறை சென்றிருப்பீர்கள். அதே கட்டடத்தில் நாடக நிலையம் ஒன்று இயங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? அங்கு இரண்டு அரங்குகள் உள்ளன. பெரிய அரங்கில் சுமார் 600 பேர் அமரலாம். சிறிய அரங்கில் ஏறத்தாழ 120 பேர்தான் அமர முடியும். அதைக் 'கருப்புப் பெட்டி' என்பார்கள். சுவர், கூரை, தரை எல்லாமே கருப்பு. உயர்ந்த மேடையோ திரைச்சீலையோ இருக்காது. ஒவ்வொரு நாடகத்திற்கும் ஏற்றவாறு நாற்காலிகளை ஒரு பக்கமாகவோ நடிகர்களைச் சுற்றியோ இடம் மாற்றிப் போடுவார்கள். நடிகர் பெருமூச்சு விட்டால்கூட முன்வரிசையில் இருப்பவருக்குக் கேட்கும்.

சிங்கப்பூரின் சிற்றரங்குகளுக்குத் தனி வரலாறு உண்டு. நாடக ஆசிரியர் குவோ பாவ் குன் 1990ஆம் ஆண்டில் ஆர்மீனியன் ஸ்திரீட்டில் 'சப்ஸ்டேஷன்' என்ற கலை மையத்தைத் தொடங்கினார். அது முன்பு மின்துணை நிலையமாக இருந்த கட்டடம். பெயரும் அப்படி வந்ததுதான். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1988இல், அவர் மேடையேற்றிய 'பூனையைத் தேடும் அம்மா' என்னும் நாடகத்தில் ஹொக்கியென், மாண்டரின், மலாய், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் ஒலித்தது. ஹொக்கியென் மட்டுமே அறிந்த ஒரு மூதாட்டியும் தமிழ் பேசும் ஒரு முதியவரும் அதில் சந்திக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குப் புரியாது. ஆயினும் தங்கள் பூனைகளைப் பற்றிச் சைகைகளால் பேசி மகிழ்கிறார்கள். மூதாட்டியின் சொந்தப் பிள்ளைகளோ அவரோடு பேசும் மொழியை இழந்துவிட்டவர்கள். நம் வீட்டுப் பாட்டி தாத்தாக்களை நினைத்துப் பார்த்தால் இந்தக் காட்சி இன்றும் நம்மைச் சுடும்.

தமிழ் நாடகக் குழுக்களும் அந்தக் காலத்திலேயே உருவாயின. ரவீந்திரன் நாடகக் குழு 1988இலும், இளங்கோவனின் அக்கினிக் கூத்து 1991இலும் தோன்றின. அவாண்ட் நாடகக் குழு போன்றவை பின்னர் வந்தவை. இக்குழுக்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் ஒத்திகைக்கு வருபவர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 120 இருக்கைகள் கொண்ட அரங்கில் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று காட்சிகள். மொத்தம் 360 இருக்கைகள். நுழைவுச்சீட்டு 25 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், எல்லா இருக்கைகளும் நிரம்பினாலும் 9,000 வெள்ளிதான் கிடைக்கும். அரங்க வாடகை, ஒளி, ஒலி, உடை, ஒத்திகை இடம், கலைஞர்களின் ஊதியம் எல்லாவற்றுக்கும் அது எந்த மூலைக்கு? தேசிய கலைகள் மன்றத்தின் மானியமும் நன்கொடைகளும் கைகொடுத்தாலும், பாதி அரங்கு காலியாக இருந்தால் அடுத்த நாடகத்தைப் பற்றி அக்குழு பலமுறை யோசிக்க வேண்டியிருக்கும். உங்கள் வகுப்பிலிருந்து முப்பது பேர் சென்றால் அரங்கில் கால் பகுதி நிரம்பிவிடும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

சரி, மாணவர்களிடம் 25 வெள்ளி இருக்குமா? ஒரு வாரக் கைச்செலவே அவ்வளவு இருக்காது. ஆனால், முழு விலை கொடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான நாடகங்களுக்கு மாணவர் சலுகை விலை உண்டு. முன்கூட்டியே வாங்குவோருக்கும் குழுவாக வாங்குவோருக்கும் சில குழுக்கள் விலையைக் குறைக்கின்றன. சிஸ்டிக் போன்ற விற்பனை நிறுவனங்கள் சீட்டு விலைக்கு மேல் முன்பதிவுக் கட்டணமும் வசூலிக்கும் என்பதால், இறுதித் தொகையைப் பார்த்துவிட்டே முடிவெடுங்கள். பெரிய அரங்குகளில் மேல்மாடத்து இருக்கை மலிவு. சிற்றரங்கில் அந்தக் கவலையே இல்லை. எங்கே அமர்ந்தாலும் மேடை அருகில்தான். 2025இல் 18 வயதோ அதற்கு மேலோ ஆகியிருந்த சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் 'எஸ்ஜி கல்ச்சர் பாஸ்' திட்டத்தில் 100 வெள்ளி வழங்கியுள்ளது. 2028ஆம் ஆண்டு இறுதிவரை அதைப் பயன்படுத்தலாம். உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் அக்காவிடமோ அப்பாவிடமோ அது செலவழிக்கப்படாமல் கிடக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

காசே இல்லாமலும் பார்க்கலாம். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவில் இலவச நாடகங்கள் இடம்பெறுவதுண்டு. பெயரை மட்டும் முன்பதிவு செய்ய வேண்டும். 2002இல் திறக்கப்பட்ட எஸ்பிளனேட் கலையரங்கின் வெளியரங்கிலும் கூடத்திலும் கட்டணமில்லா நிகழ்ச்சிகள் ஆண்டு முழுவதும் நடைபெறுகின்றன.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கடினமான கேள்வி. சுவரொட்டியில் தொலைக்காட்சி நட்சத்திரத்தின் முகம் பெரிதாக இருப்பது நல்ல நாடகத்திற்கு அடையாளம் ஆகாது. கதைச் சுருக்கத்தைப் படியுங்கள். 'சிரிப்பு, கண்ணீர், பாசம் எல்லாம் கலந்த படைப்பு' என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் எதுவும் சொல்லப்படவில்லை. யார், எங்கே, என்ன சிக்கலில் மாட்டிக்கொள்கிறார் என்பது இரண்டே வரிகளில் தெரிந்தால், எழுதியவருக்குத் தம் கதை தெளிவாகத் தெரியும் என்று நம்பலாம். முன்பே மேடையேறிய நாடகம் மீண்டும் வருகிறதென்றால் தாராளமாகச் செல்லலாம். வயது வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள். தமிழ் தெரியாத நண்பரை அழைத்துச் செல்வதாக இருந்தால், ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகள் திரையில் காட்டப்படுமா என்று விசாரியுங்கள். பல தமிழ் நாடகங்களில் அந்த வசதி இருக்கிறது.

இத்தனையும் பார்த்துச் சென்ற நாடகம் பிடிக்காமலும் போகலாம். மூன்றில் ஒன்று ஏமாற்றினால் அதைப் பெரிய இழப்பாகக் கருத வேண்டியதில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று எம்ஆர்டியில் வீடு திரும்பும்வரை நண்பர்களோடு வாதிடுவதும் சுவையானதே.

நேரத்தோடு சென்றுவிடுங்கள். சில சிற்றரங்குகளில் கதவைத் திறந்தால் நடிகர்கள் நிற்கும் இடத்துக்கே வந்துவிடுவோம். ஆகவே, தாமதமாக வருவோரை உள்ளே விடமாட்டார்கள். (குளிர்சாதனம் கடுமையாக இருக்கும், மேலாடை ஒன்று பையில் இருக்கட்டும்.) நாடகம் முடிந்ததும் எழுந்து ஓடாதீர்கள். பல குழுக்கள் இயக்குநரையும் நடிகர்களையும் அமரவைத்துப் பார்வையாளர்களோடு உரையாட விடுகின்றன. சற்று முன்பு கொடுமைக்கார மாமனாராக உறுமியவர், ஒப்பனை கலையாத முகத்தோடு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உங்கள் கேள்விக்காகக் காத்திருப்பார்.