கட்டியெல்லாம் புற்றல்ல, வலி இல்லை என்பதால் விட்டுவிடவும் கூடாது

 

சிகிச்சை உதவி கேட்டு நமது டிரஸ்டுக்கு வரும் குடும்பத்தாரிடம் நாம் அடிக்கடி கேட்கும் சொல்: "வலி இல்லையே என்று இருந்துவிட்டோம்." ஆகவே, புற்று எப்படி உருவாகிறது என்பதை இம்மாதம் பார்ப்போம்.

நம் உடலில் பழைய செல்கள் மடிகின்றன. இருக்கும் செல்கள் பிரிந்து புதியவை உண்டாகின்றன. எப்போது பிரிவது, எப்போது நிற்பது என்ற கட்டளை செல்லுக்குள் இருக்கும் மரபணுக்களில் உள்ளது. விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும் அல்லவா? அதுபோல, மரபணுவில் பழுது ஏற்பட்டால் செல் நின்று அதைச் சரிசெய்யும். முடியாவிட்டால் தானே மடியும். நிறுத்தும் அந்த அமைப்பே கெட்டுப்போனால், செல் கட்டுக்கடங்காமல் பெருகிக் கட்டியாகிறது.

கட்டி இரு வகை. கொழுப்புக் கட்டி போன்ற சாதாரணக் கட்டிகள் இருந்த இடத்திலேயே இருக்கும். புற்றுக்கட்டியோ பக்கத்துச் சதையைத் துளைத்து நுழையும். இரத்தம், நிணநீர் வழியாக நுரையீரல், கல்லீரல், எலும்பு என்று பரவும்.

ஒரே ஒரு பழுதால் புற்று வருவது அரிது. பல பழுதுகள் ஆண்டுக்கணக்கில் சேர வேண்டும். புகையிலை அப்பழுதுகளை உண்டாக்குகிறது. பாக்கும் வாய்ப்புற்றுக்குக் காரணமாகிறது. வாயில் வெள்ளைத் திட்டு தோன்றுவது முன்னெச்சரிக்கையாக இருக்கலாம். ஒருவகை வைரஸ் கிருமியால் வரும் கருப்பைவாய்ப் புற்றும் பெரும்பாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டே முற்றுகிறது. இந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

தொடக்கத்தில் கட்டி நரம்பை அழுத்துவதில்லை. அதனால் வலியும் இருப்பதில்லை. வலி வரும்வரை காத்திருப்பது அவகாசத்தை இழப்பதாகும். "ஊசி பட்டால் பரவிவிடும்" என்று சதைப் பரிசோதனைக்கு அஞ்சுவோரும் உண்டு. மருத்துவர் முறைப்படி செய்யும் பரிசோதனையால் புற்று பரவுவது மிக மிக அரிது. சிகிச்சையின்றிக் கடத்தும் நாட்களில்தான் அது பரவுகிறது.

உடன்பிறந்த சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் சென்னை அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். ஆரம்பத்திலேயே கண்டறியுங்கள் என்று அங்கு பல்லாண்டு பணியாற்றிய டாக்டர் சாந்தா வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார்.

மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு, காரணமின்றி எடை குறைதல் ஆகியவற்றில் எது இருந்தாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். முப்பது வயது கடந்த பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய்ப் பரிசோதனைகள் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். வெட்கத்தால் மறைக்க வேண்டாம். பெண் மருத்துவரையோ செவிலியரையோ கேட்டுப் பெறலாம். கணவன்மார்களும் பிள்ளைகளும் தாங்களாகவே கேட்டு அழைத்துச் செல்லுங்கள். புற்று என்று உறுதியானால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை சிகிச்சைக்கு உதவும்.

நோய்க்கு மருந்து தேடுவதும் நபிவழியே. தொட்டாலோ ஒரே தட்டில் உண்டாலோ புற்று ஒட்டாது, நோயாளியை ஒதுக்காதீர்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆஃபியத்தைத் தருவானாக, ஆமீன்.