பிறர் பிள்ளைக்கு ஆசிரியராதல்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கற்பித்துவரும் சென்னைக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து, முறை வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீட்டிலும் கூடிப் படித்துவருகிறோம். இத்தகைய பிரயத்தனத்தில் இறங்க விரும்புவோருக்கு நான் முதலாவதாகச் சொல்லக்கூடியது, கூட்டு வகுப்பிலாவது தம் குழந்தைக்குத் தாமே ஆசிரியராக அமர்வதைத் தவிர்த்துவிட வேண்டும் என்பதே. பெற்ற தாய் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண், அதே கணக்கை அடுத்த வீட்டு மாமா கேட்டால் சிரத்தையோடு போட்டுக் காட்டுவதையும், தம் மகனிடம் ஐந்து நிமிஷம் பொறுக்கமாட்டாத தகப்பனார் அயலார் பிள்ளையின் பிழைகளைப் புன்னகையோடு சகித்துக்கொள்வதையும் நான் அடிக்கடி பார்க்கிறேன்.

பாடத்தில் பாண்டித்தியம் உள்ளவர்தாம் நடத்த வேண்டும் என்ற நியதியும் அவசியமில்லை. நண்பகல் நிழல் சென்னையில் மறைந்துபோகும் ஏப்ரல் இறுதி வாரத்துக்குச் சற்று முன்னதாக, வங்கி உத்தியோகஸ்தரான நண்பர் ஒருவர், மொட்டைமாடியில் கம்பு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் நிழலின் நுனியை நிமிஷந்தோறும் சாக்குக்கட்டியால் குறிக்கும்படி குழந்தைகளை ஏவினார். (சித்திரை வெயிலில் தளம் காலைச் சுட்டது வேறு விஷயம்.) மணி பன்னிரண்டைக் கடந்து சில நிமிஷங்கள் ஆன பின்னரே நிழல் மிகக் குறுகியதைக் கண்டு அவர்கள் காரணம் கேட்க, அவருக்கும் தெரியவில்லை. எல்லோருமாகத் தேசப்படத்தை விரித்துவைத்து, நம் கடிகாரம் காட்டுவது 82½ பாகைத் தீர்க்கரேகையின் நேரம், சென்னையோ ஏறத்தாழ 80¼ பாகையில் இருக்கிறது, ஆகவே பாகைக்கு 4 நிமிஷமாகச் சூரியன் இங்கே 9 நிமிஷம் பிந்தி உச்சிக்கு வரவேண்டும் என்று கண்டுபிடித்தார்கள். கணக்குக்கும் கம்புக்கும் இடையே எஞ்சி நின்ற இரண்டு நிமிஷ வித்தியாசம் அடுத்த வாரத்தையும் விழுங்கிவிட்டது.

சச்சரவு கல்விக் கொள்கையால் வருவதில்லை. சிற்றுண்டியாலும் வசூலாலுமே வருகிறது. பலகாரம் அவரவர் வீட்டிலிருந்து வரட்டும். வரவு செலவு ஒரு நோட்டில் இருக்கட்டும். அன்று பாடம் நடத்தாதவர் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

பரீட்சையைப் பற்றிய கவலையைக் கூட்டு நாளில் நுழையவிடாதிருத்தல் உத்தமம் என்பது என் அபிப்பிராயம். 1989-இல் தோன்றிய தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது நிரம்பியவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவுசெய்துகொண்டு, ஐந்தாண்டுக்குள் பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதித் தேறலாம் என்பதால், அதை வீட்டிலேயே நிதானமாகக் கவனித்துக்கொள்ளலாம். பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பெயரும் முன்னெழுத்தும் ஒத்திருக்கின்றனவா என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.