அமைப்புக் கோப்பும் தமிழ்க் கோப்பும்

மைசூரில் பயிலும் தமிழ் மாணவர்க்குக் கல்வெட்டு புதிதன்று. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறையின் கல்வெட்டுக் கிளை 1966இல் உதகையிலிருந்து இந்நகருக்கு வந்தது. அதற்கு நெடுங்காலம் முன்னரே பி. லூயிஸ் ரைஸ் என்பார் மைசூர் நாட்டுக் கல்வெட்டுகளைத் திரட்டி, ‘எபிகிராபியா கர்னாடிகா’ என்னும் தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றுள் கோலார்த் தொகுதியைப் புரட்டுவோர், கன்னட நாட்டு மண்ணில் இத்துணைத் தமிழ்க் கல்வெட்டுகளா என வியப்பர்.

நம்மவர் நால்வர் கூடி இக்கல்வெட்டுகளைக் கணினியில் தட்டெழுதத் தொடங்கினர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் ரகரம் என்று படித்ததை மற்றொருவர் துணைக்கால் என்று படிப்பர். பழைய எழுத்தில் இரண்டுக்கும் வடிவு ஒன்றே. இன்று திருத்திய பாடம் நாளை பிழையாகத் தோன்றலாம். ஆகவே யார், எந்நாளில், எதனை, எவ்வாறு மாற்றினார் என்னும் கணக்கு வேண்டும். அக்கணக்கு கெடுமாயின் பாடமே ஐயத்துக்கு இடமாகிவிடும்.

இத்தகைய கணக்கை வைக்கும் கருவிகளுள் இன்று பெரிதும் வழங்குவது ‘கிட்’. லினக்சை ஆக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் தம் குழுவின் பணிக்கென இதனை இயற்றினார். நிரல் எழுதுவோர்க்காகப் பிறந்ததாயினும் எவ்வகை உரைக் கோப்பையும் இது ஏற்கும். இதன் ஆணைகளைக் கற்பிக்கும் நூல்கள் பல உண்டு. ஆனால் அவை அமைப்புக் கோப்புகளைப் பற்றி நாலு வரி சொல்லி நகர்ந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதுவார்க்கு அந்த நாலு வரி போதும். நமக்குப் போதாது. (ஆணைகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில் தட்டுக.)

அமைப்பு என்பது கிட்டுக்கு நாம் இடும் விதி. அவ்விதி மூன்று இடங்களில் எழுதப்படும். கணினி முழுமைக்கும் பொதுவாக ஒரு கோப்பு உண்டு. அக்கணினியில் நமக்குரிய கணக்கில் ‘.கிட்கான்ஃபிக்’ என்று ஒரு கோப்பு உண்டு. குறிப்பிட்ட களஞ்சியத்தின் ‘.கிட்’ என்னும் உட்கோப்புறையில் ‘கான்ஃபிக்’ என்று மற்றொன்று உண்டு. ஒரு பொருள்பற்றி இம்மூன்றும் மாறுபடக் கூறினால் எது நிற்கும்? இலக்கணம் பயின்றவர்க்கு விடை எளிது. பொது விதியைச் சிறப்பு விதி விலக்கும். களஞ்சியத்தின் விதியே நிற்கும். எந்த விதி எந்தக் கோப்பிலிருந்து வந்தது என்று காண, ‘கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஒரிஜின்’ என்று ஆணையிடுக.

கணினிக்கூடத்தில் பலர் ஒரே கணக்கில் புகுந்து எழுதும் வழக்கம் உண்டு. காலையில் வந்தவர் தம் பெயரை அக்கணக்கின் அமைப்பில் எழுதிச் சென்றிருப்பார். மாலையில் வருபவர் ஒரு வாரம் உழைத்துப் படித்த பாடம் காலையில் வந்தவர் பெயரில் பதிவாகிவிடும்! பெயர் ஒவ்வொரு பதிவினுள்ளும் பொறிக்கப்படுவது. பின்னால் அமைப்பை மாற்றினாலும் பழைய பதிவு மாறாது. ஒருவர் தம் பெயரையே இருவிதமாக எழுதியிருந்தால் ‘.மெயில்மேப்’ என்னும் கோப்பைக் கொண்டு பட்டியலில் ஒன்றாகக் காட்டலாம். ஆள் மாறிய பிழையை அது தீர்க்காது. ஆதலின் பலர் புழங்கும் கணினியில் ‘யூசர்.நேம்’, ‘யூசர்.இமெயில்’ ஆகிய இரண்டையும் களஞ்சியத்தின் உட்கோப்பிலேயே எழுதுவது நன்று. பெயரைத் தமிழிலேயே எழுதலாம்; கிட் அதனைத் தடுப்பதில்லை.

இனிக் கோப்பின் பெயருக்கு வருவோம். ‘கல்வெட்டு’ என்று ஒரு கோப்புக்குப் பெயரிட்டு, ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால் அப்பெயர் திரையில் வாராது. சாய்கோடும் எண்ணுமாக நீண்டதொரு சரம் வரும். முதலெழுத்தாகிய ககரம் மட்டுமே ‘\340\256\225’ என்று நிற்கும். நம் கணக்கில் அச்சொல் ஐந்தெழுத்து. ஒருங்குறியின் கணக்கில் மெய்யும் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியாகி ஒன்பது குறிகள். ஒரு குறிக்கு மூன்று பைட்டாக 27 பைட்டுகள். ஒரு பைட்டை நான்கு எழுத்தால் காட்டுவதால் திரையில் 108 எழுத்துகள்! கோப்பு கெட்டுவிட்டதென்று அஞ்சி, பெயரை ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்வோர் பலர். கோப்பு கெடவில்லை. ஆங்கில எழுத்தல்லாதவற்றை ‘வழக்கமல்லாதவை’ எனக் கொள்ளும் ‘கோர்.கோட்பாத்’ என்னும் விதி, நாம் கேளாமலே நடப்பில் இருப்பதுதான் காரணம். ‘கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்’ என்று ஒருமுறை சொன்னால் போதும். தமிழ் தமிழாகவே வரும். நம் எழுத்தை வழக்கமல்லாததென்று வகுத்தது யாருடைய வழக்கைக் கொண்டு என்று கேட்கத் தோன்றுகிறது, அது நிற்க.

இவ்விதியை ஒருவர் தம் கணினியில் எழுதினால் மற்ற மூவர்க்கும் அது போய்ச் சேருமா? சேராது. களஞ்சியத்தைப் படியெடுக்கும்போது உள்ளிருக்கும் ‘கான்ஃபிக்’ கோப்பு உடன் வருவதில்லை. இது குறையன்று, காவல். அமைப்புக் கோப்பு கணினியை வேறு நிரல்களை ஓட்டச் செய்ய வல்லது. அயலார் எழுதிய அமைப்பு நம் கணினிக்குத் தானே வந்து சேருமாயின் அவர் ஏவலை நம் கணினி செய்யும். 2022இல் இக்காவல் மேலும் இறுகியது. பிறர் உரிமையிலுள்ள கோப்புறையில் வேலை செய்ய முயன்றால் கிட் மறுக்கும்; ‘சேஃப்.டைரக்டரி’ என்னும் விதியால் நாமே ஒப்புதல் தரவேண்டும்.

நால்வர்க்கும் பொதுவான விதி, களஞ்சியத்தின் உள்ளே ஏனைய கோப்புகளோடு பதிவாகி உடன் செல்லவேண்டும். அதற்கென்று இரு கோப்புகள் உள்ளன. ‘.கிட்இக்னோர்’ விடவேண்டியவற்றைச் சொல்வது. முன்னரே பதிவான கோப்பை அது விடாது என்பதொன்றை நினைவில் வைத்தால் போதும். மற்றையது ‘.கிட்ஆட்ரிபியூட்ஸ்’. தமிழர்க்கு இதுவே இன்றியமையாதது.

விண்டோஸ் கணினி வரியின் ஈற்றில் இரண்டு குறிகளை இடும். லினக்ஸ் ஒன்றே இடும். நால்வரும் வெவ்வேறு கணினியில் எழுதினால், ஓரெழுத்தைத் திருத்தியவர் கோப்பு முழுவதையும் மாற்றியவராகத் தோன்றுவார். உண்மைத் திருத்தம் அதனுள் மறைந்துபோகும். ‘*.டி.எக்ஸ்.டி டெக்ஸ்ட் இ.ஓ.எல்=எல்.எஃப்’ என்னும் ஒரு வரி இதனைத் தீர்க்கும். பழைய நோட்பேடில் ‘யூனிகோட்’ எனத் தேர்ந்து சேமித்த கோப்பு யூ.டி.எஃப்-16 வகையினது. கிட் அதனை உரையென்றே கொள்ளாமல், ‘இரு கோப்புகளும் வேறுபடுகின்றன’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். இதற்கும் 2018 முதல் ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் வழி உண்டு. எனினும் ஒரேமுறை யூ.டி.எஃப்-8 ஆக மாற்றிவிடுவதே என் கருத்தில் நல்லது. திஸ்கிக் குறிமுறையில் உள்ள பழங்கோப்புகளையும் அவ்வாறே மாற்றுக. மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் பல அக்குறிமுறையில் வந்தவை. லினக்ஸ் கணினியிலுள்ள ‘ஐகான்வ்’ என்னும் கருவி திஸ்கியை அறியும்.

எந்த அமைப்பாலும் முற்றத் தீராத இடர் ஒன்று உண்டு. ‘கோலார்’ என்னும் சொல்லில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் தட்டலாம். இரட்டைக்கொம்பும் காலுமாகப் பிரித்தும் தட்டலாம். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. கிட்டுக்கோ அவை இரு வேறு சொற்கள். கோப்புறையின் பெயர் அவ்வாறு அமைந்தால் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்கும். பாடத்தினுள் அமைந்தால் ‘கிட் கிரெப் கோலார்’ என்று தேடுபவர்க்குப் பாதி இடங்களே அகப்படும். ஆப்பிள் கணினியில் கோப்புப் பெயரளவில் ‘கோர்.பிரிகம்போஸ்யூனிகோட்’ என்னும் விதி உதவும். பாடத்தினுள் அது புகாது. ஆகவே பதியுமுன் கோப்பைச் சோதித்து, பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் சிறு நிரல் ஒன்றைக் களஞ்சியத்தில் வைத்து, ‘பிரீ-கமிட்’ என்னும் கொக்கியில் மாட்டவேண்டும். நிரல் எல்லோர்க்கும் வரும். கொக்கி ‘.கிட்’ கோப்புறைக்குள் இருப்பதால் வாராது. அதனை நால்வரும் தத்தம் கணினியில் தாமே மாட்டிக்கொள்ள வேண்டும்.