ஒளிக்குக் காத்திருப்பு அறை இல்லை

முழு அக எதிரொளிப்பு பாடம் நடத்தும்போதெல்லாம், "ஒளி வேகமாகச் செல்வதால்தான் ஒளியிழை சிறந்தது" என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வந்தேன். ஒருநாள் ஒரு மாணவி கேட்டாள்: "அப்படின்னா ஆயிரம் கம்ப்யூட்டரை ஒளியிழையால இணைச்சிட்டா எல்லாம் உடனே முடிஞ்சிடுமா டீச்சர்?" விடை தேடியபோதுதான் என் விளக்கமே தவறு என்று புரிந்தது.

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. செல்கிறது. தாமிரக் கம்பி வடத்தில் மின் சைகையும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் செல்கிறது. ஒரே இழையில் பல அலைநீளங்களில் தனித்தனிச் செய்திகளை, குறைந்த இழப்புடன் அனுப்ப முடிவதே ஒளியிழையின் உண்மையான சிறப்பு.

பல செயலிகள் ஒரே கணக்கைப் பகிர்ந்து செய்வது இணைக் கணினி. அதில் இரு செயலிகள் ஒரே நேரத்தில் மூன்றாவதற்குச் செய்தி அனுப்பினால், மின்னணு ஸ்விட்ச் ஒன்றை நினைவகத்தில் நிறுத்திவைக்கும். ஒளியை அப்படி நிறுத்திவைக்க எளிய வழி இல்லை. ஒரு மைக்ரோநொடி தாமதப்படுத்தவே 200 மீட்டர் இழை தேவை. ஆகவே பாதையை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும்.

செயல்பாடு

நான்கு மாணவர்களை வட்டமாக அமர்த்துங்கள். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் ஒவ்வொரு சீட்டு எழுதட்டும். ஒரு கைதட்டலுக்கு ஒருவர் ஒரு சீட்டு மட்டுமே கொடுக்கலாம், ஒன்று மட்டுமே பெறலாம். முதலில் அவர்கள் விருப்பப்படி விடுங்கள். என் வகுப்பில் மூன்று கைகள் ஒரே மாணவனிடம் நீண்டன. பிறகு வரிசை சொல்லுங்கள்: முதல் கைதட்டலில் வலப்பக்கத்தவருக்கு, அடுத்து எதிரில் இருப்பவருக்கு, பிறகு இடப்பக்கத்தவருக்கு. 12 சீட்டுகளும் மூன்றே கைதட்டலில், மோதலின்றிச் சேர்ந்துவிடும்.

நடைமுறையில்

கூகுளின் டிபியு வி4 மீக்கணினியில் 4096 செயலிகள் உள்ளன. அவற்றின் அடுக்குகளை 48 ஒளி ஸ்விட்சுகள் இணைக்கின்றன. உள்ளே இருக்கும் நுண்ணிய ஆடிகள் திரும்பிப் பாதையை மாற்றுகின்றன. ஆடி திரும்ப மில்லிநொடிகள் ஆகும் என்பதால் ஒவ்வொரு செய்திக்கும் பாதையை மாற்றுவதில்லை. வேலை தொடங்கும் முன்பே அமைத்துவிடுகிறார்கள். ஓர் அடுக்கு பழுதானால் அதை விலக்கி வேறொன்றை இணைக்கவும் முடிகிறது.

மதிப்பீடு

ஐந்து பேர் அமர்ந்தால் எத்தனை சீட்டுகள், குறைந்தது எத்தனை கைதட்டல்கள்? (விடை: 20, 4)

கேள்வி கேட்ட மாணவியே இதற்கு முதலில் விடை சொன்னாள். "வேகம் மட்டும் போதாது டீச்சர், முறையும் வேணும்" என்றாள். இப்போது என் பாடக்குறிப்பில் பழைய வரியை அடித்துவிட்டேன்.