உப்புக்குள் ஒளிந்திருக்கும் உலோகம்

பழைய முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவர்களின் நாவில் குருவானவர் சிறிதளவு உப்பை வைத்தார். 1969இல் வெளியான புதிய சடங்குமுறையில் அது இல்லை. அந்த உப்பின் நிறையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு, தண்ணீர் பட்டதும் சீறிப் பாயும் ஓர் உலோகம் என்றால் நம்புவீர்களா? அதுவே சோடியம். மீதி குளோரீன் என்னும் நச்சு வாயு. இரண்டும் கூடியபின் இரண்டின் கொடுமையும் அடங்கிவிடுகிறது.

பொன்னைப் போலச் சோடியத்தை ஆற்று மணலில் அரித்தெடுக்க முடியாது. இயற்கையில் அது ஒருபோதும் தனித்திருப்பதில்லை. ஒரு லீற்றர் கடல்நீரில் பத்துக் கிராமுக்குச் சற்று அதிகமான சோடியம் உண்டு. பண்டைக் கடல்கள் வற்றிய இடங்களில் அது பாறையுப்பாகப் படிந்திருக்கிறது. போலந்து நாட்டின் வியெலிச்கா உப்புச் சுரங்கத்திலே, தரைக்குக் கீழே ஏறக்குறைய 100 மீற்றர் ஆழத்தில், தொழிலாளர் உப்புப் பாறையைக் குடைந்து புனித கிங்காவின் பெயரால் ஓர் ஆலயமே அமைத்திருக்கிறார்கள்.

இந்த உப்பிலிருந்து சோடியத்தைப் பிரிப்பது எப்படி? உப்பை நீரில் கரைத்து மின்சாரம் பாய்ச்சினால் சோடியம் கிடைக்கும் எனப் பல மாணவர் எழுதிப் புள்ளி இழக்கிறார்கள். அவ்வாறு செய்தால் ஐதரசனும் குளோரீனும் வெளிவர, எஞ்சுவது எரிசோடா. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை, 1980களில் போரினால் நின்றுபோகும்வரை, உப்புநீரிலிருந்து எரிசோடாவும் குளோரீனும் செய்ததேயன்றிச் சோடிய உலோகத்தைச் செய்யவில்லை. உங்கள் பிள்ளையிடம் இதைக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே நீரே இருக்கக்கூடாது. 1807இல் லண்டனில் ஹம்பிரி டேவி, உருக்கிய எரிசோடாவில் மின்சாரம் செலுத்தி முதன்முதலாகச் சோடியத்தைப் பிரித்தார். இன்றைய ஆலைகளின் முறை அமெரிக்கரான டவுன்ஸ் 1924இல் காப்புரிமை பெற்றது. உப்பு உருக 801 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் சோடியமோ ஆவியாகும் நிலையை நெருங்கிவிடும். எனவே கல்சியம் குளோரைட்டைக் கலந்து, ஏறக்குறைய 600 பாகையிலேயே உருகச் செய்கிறார்கள். கலத்தின் நடுவே பென்சிற்கரியாலான அனோட்டு, அதனைச் சூழ இரும்புக் கதோட்டு. அனோட்டில் குளோரீன் எழும். கதோட்டில் சோடியம் திரவமாகச் சேர்ந்து, உருகிய உப்பிலும் இலேசானதால் மேலே மிதந்து குழாய்வழி ஏறும். இரண்டும் மீண்டும் சந்தித்தால் பழையபடி உப்பாகிவிடுமல்லவா? அதைத் தடுக்கவே இடையில் இரும்பு வலை உண்டு. கூடவே பிரியும் சிறிதளவு கல்சியம், சோடியம் ஆறும்போது திண்மமாகிப் பிரிந்துவிடும்.

கத்தியால் வெட்டக்கூடிய இம்மெல்லிய உலோகத்தை மண்ணெண்ணெயில் அமிழ்த்தியே வைப்பார்கள். பாடசாலை ஆய்வுகூடத்தில் நீரிலிட்டுக் காட்டக் கடுகளவு போதும். பெரிய துண்டு வெடித்துக் கண்ணைக் கெடுக்கும். சோடியம் தீப்பற்றினால் தண்ணீரை ஊற்றவே கூடாது, உலர்ந்த மணலைக் கொட்டுங்கள்.